முன்சீப் நாற்காலியிலேர்ந்து ஹைகோர்ட் வரைக்கும்: ஒரு ரிட்டையர்டு சிரஸ்தார் சொல்ற வயசுக் கணக்கு

ஒரு தம்பி கேட்டிருந்தாரு. அவர் பொண்ணு லா காலேஜ்ல கடைசி வருஷம் படிக்குது, வயசு 22, ஜட்ஜ் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்குதாம். "முதல்ல எந்தப் போஸ்ட்டுல போடுவாங்க, எத்தன வருஷத்துல ஹைகோர்ட் ஜட்ஜ் ஆகலாம், நம்ம குடும்பத்துல யாரும் வக்கீல் கூட கிடையாது, சிபாரிசு இல்லாம நடக்குமா?" இதான் கேள்வி. சுருக்கமா நாலு வரில சொல்லிட்டுப் போயிருக்கலாம், ஆனா இந்த விஷயத்துல சுருக்கமா சொன்னா தப்பா புரிஞ்சுக்குவாங்க, அதனால கொஞ்சம் பெருசாவே எழுதறேன்.

நான் ஜட்ஜ் இல்ல. காப்பியிஸ்ட்டா கோர்ட்டுக்குள்ள நுழைஞ்சு, அப்பறம் பெஞ்ச் கிளார்க்கா பல வருஷம் டயஸுக்குக் கீழ உக்காந்து, சிரஸ்தாரா, அதாவது கோர்ட் ஆபீஸ் ஊழியர்களுக்குத் தலைமையா இருந்து ரிட்டையர் ஆனவன். முப்பத்துநாலு வருஷத்துல எத்தனையோ ஜட்ஜுங்க முதல் நாள் வந்து உக்காந்ததையும் கடைசி நாள் எழுந்து போனதையும் பக்கத்துலேர்ந்து பாத்திருக்கேன். 26 வயசுல முன்சீப்பா, அதாவது கீழ்மட்ட சிவில் ஜட்ஜா வந்தவங்க பின்னாடி மாவட்ட நீதிபதியா அதே ஊருக்கு இன்ஸ்பெக்ஷன் வந்ததையும் பாத்தாச்சு.

சிபாரிசு கேள்விய முதல்ல முடிச்சுடறேன். வேண்டாம், தேவையும் இல்ல. நம்ம தமிழ்நாட்டுல கீழ்மட்ட சிவில் ஜட்ஜ் செலக்ஷன் டிஎன்பிஎஸ்சி வழியா நடக்குது, ஹைகோர்ட்டும் அதுல சேர்ந்து நிக்குது, அரசியல் சட்டம் 234வது பிரிவுலயே அப்படித்தான் இருக்கு. பிரிலிமினரி, அப்பறம் மெயின்ல நாலு பேப்பர், ஒவ்வொண்ணும் 100 மார்க், கடைசில வாய்மொழித் தேர்வு 60 மார்க். யாராவது "நான் முடிச்சுத் தர்றேன், இவ்ளோ ஆகும்"னு வந்தா வாசலோடயே அனுப்பிடுங்க. 2023ல 245 இடத்துக்கு தேர்வு வந்துச்சே, அதுல ஜெயிச்ச ஸ்ரீபதி பத்தி பேப்பர்ல எல்லாரும் படிச்சிருப்பீங்க, ஜவ்வாது மலைல மலையாளி பழங்குடி குடும்பத்துப் பொண்ணு, அப்ப 23 வயசு, குழந்த பொறந்து சில நாள்லயே மலைலேர்ந்து எறங்கி சென்னை வந்து பரீட்சை எழுதினவங்க. அவங்க பின்னாடி எந்தப் பெரிய வக்கீல் ஆபீசும் இல்ல.

மெயின்ல முதல் பேப்பர் மொழிபெயர்ப்பு. பல பேர் இத சாதாரணமா நெனச்சு கோட்டை விடறாங்க. சாட்சி தமிழ்ல சொல்றத, பத்திரத்துல இருக்கற தமிழ, இங்கிலீஷ்ல கொண்டு போகணும், அங்கேர்ந்து இங்க கொண்டு வரணும். "வகையறா", "அசல்", "பாத்தியதை", "பின்னிட்டு" மாதிரி பத்திரத் தமிழ் தெரியாம லா காலேஜ் கோல்டு மெடல் வாங்கினவங்க கூட திணறுவாங்க. மத்த பேப்பர்ல இஷ்யூஸ் ஃப்ரேம் பண்றது (சிவில் கேஸ்ல முடிவு பண்ண வேண்டிய கேள்விகள வகுக்கறது), சார்ஜ் ஃப்ரேம் பண்றது (குற்றச்சாட்ட வகுக்கறது), சிவில்லயும் கிரிமினல்லயும் தீர்ப்பு எழுதறதுன்னு வரும். இதெல்லாம் கைடு படிச்சு வர்ற விஷயம் இல்ல, கோர்ட்ல உக்காந்து பாத்தாத்தான் கை வரும்.

இப்ப முக்கியமான மாத்தம் ஒண்ணு. உங்க பொண்ணு ரிசல்ட் வந்த உடனே பரீட்சை எழுதிடலாம்னு நெனச்சிட்டிருந்தா அது இனிமே முடியாது. 2025 மே 20ம் தேதி சுப்ரீம் கோர்ட், சீஃப் ஜஸ்டிஸ் கவாய் பெஞ்ச், அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்குல தீர்ப்பு குடுத்துச்சு, இனி வர்ற தேர்வுகளுக்கு குறைஞ்சது மூணு வருஷம் வக்கீலா ப்ராக்டீஸ் இருக்கணும்னு. இது புதுசு இல்ல. 1993ல இதே சங்கத்தோட வழக்குல மூணு வருஷம் வேணும்னாங்க, 2002ல, கீழ் கோர்ட் ஜட்ஜுங்க சம்பளம், நிலைமை பத்தி ஆராஞ்ச ஷெட்டி கமிஷன் சொன்னத ஏத்துக்கிட்டு, கெட்டிக்காரப் பசங்க மூணு வருஷம் ப்ராக்டீஸ்ல உக்காந்துட்டா திரும்ப இந்தப் பக்கம் வரமாட்டாங்கன்னு சொல்லி எடுத்துட்டாங்க, இப்ப இருபத்திமூணு வருஷம் கழிச்சு திரும்பக் கொண்டு வந்திருக்காங்க. ஒரு நல்ல விஷயம், அந்த மூணு வருஷம் தற்காலிகமா என்ரோல் பண்ணின தேதிலேர்ந்தே கணக்கு. அதனால பாப்பா டிகிரி வாங்கின கையோட பார் கவுன்சில்ல பதிஞ்சுடணும், ஒரு மாசம் கூட தள்ளக்கூடாது. பத்து வருஷ அனுபவம் இருக்கற வக்கீல் ஒருத்தர் சர்டிபிகேட் குடுக்கணும், அந்த ஊர் முதன்மை நீதிபதி அதுல கையெழுத்து போடணும். ஜட்ஜுகிட்ட லா கிளார்க்கா இருந்த காலமும் சேரும். தேர்வாகி வந்தாலும் ஒரு வருஷம் ட்ரெயினிங் முடிக்காம கோர்ட்ல உக்கார முடியாதுன்னும் அதே தீர்ப்புல இருக்கு.

நான் இந்தத் தீர்ப்ப மனசார ஆதரிக்கறவன். ஏன்னா காலேஜ்லேர்ந்து நேரா வந்தவங்க முதல் ஆறு மாசம் பட்ட பாட்ட கண்ணால பாத்தவன். ஒரு சீனியர் வக்கீல் குரல உசத்தி ஆட்சேபணைனு எழுந்தா கை நடுங்கும், எத அனுமதிக்கறது எத நிறுத்தறதுன்னு தெரியாம பெஞ்ச் கிளார்க் மூஞ்சியப் பாப்பாங்க. சட்டம் தெரியும், கோர்ட் தெரியாது. ஆனா இதுல ஒரு வேதனையும் இருக்கு, ஸ்ரீபதி மாதிரி 23 வயசுல நேரா வர்ற வழி இப்ப அடைபட்டுப் போச்சு, மூணு வருஷம் ஜூனியரா இருக்கறதுன்னா வருமானம் இல்லாம இருக்கறதுன்னு அர்த்தம். 2024ல மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லுச்சு, ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவைல மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 குடுக்கணும்னு. தாலுக்கா கோர்ட்ல போய்ப் பாருங்க, பஸ் சார்ஜும் மதியச் சாப்பாடும் கெடச்சாலே பெருசு. அதனால தம்பி, இப்பவே மனசுல வச்சுக்கங்க, அந்த மூணு வருஷம் பொண்ண நீங்கதான் தாங்கணும். "படிச்சு முடிச்சும் சம்பாதிக்கலையா"ன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க, கல்யாணப் பேச்சு எடுப்பாங்க. அப்ப அவ பக்கம் நிக்கறதுதான் நீங்க செய்ய வேண்டிய சிபாரிசு.

சரி, செலக்ட் ஆனதும் என்ன. ஜுடிஷியல் அகாடமில ட்ரெயினிங், சென்னைல தலைமை இடம், கோவையிலயும் மதுரையிலயும் கிளை இருக்கு. அப்பறம் போஸ்டிங். இப்ப போஸ்ட்டுக்கு பேரு சிவில் ஜட்ஜ் ஜூனியர் டிவிஷன். ஆனா ஜனங்க இன்னும் முன்சீப்னும் மாஜிஸ்ட்ரேட்னும்தான் சொல்வாங்க, போர்டுலயும் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், நீதித்துறை நடுவர் நீதிமன்றம்னு இருக்கும், சின்ன ஊர்ல ரெண்டும் சேத்து ஒரே ஆள் பாக்கணும். ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 77,840 ரூபா, நீதிபதி வெங்கடராம ரெட்டி கமிஷன் சொன்ன ஸ்கேல், 2016 ஜனவரிலேர்ந்து அமல், அதுக்கு மேல பஞ்சப்படி, வீடு, மத்த படிகள். மரியாதையா குடும்பம் நடத்தலாம். ஆனா பெரிய வக்கீல் ஒருத்தர் ஒரு நாள் அப்பியரன்ஸுக்கு வாங்கறத இந்தப் பொண்ணு ஒரு மாசம் வாங்குவா, அதையும் தெரிஞ்சுக்கிட்டு வரணும்.

இனி இந்த முதல் நாற்காலி பத்தி கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா இங்கதான் எனக்குச் சொல்ல நெறைய இருக்கு, கேக்கறவங்க எல்லாம் இத ஒரு படிக்கட்டு மாதிரி நெனச்சு தாண்டிப் போறாங்க.

மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகபட்சம் மூணு வருஷ தண்டனை குடுக்கத்தான் அதிகாரம், அபராதம் பழைய சட்டத்துல 10,000 வரைக்கும், 2024 ஜூலைல புதுச் சட்டம் வந்த பிறகு 50,000 வரைக்கும். இதக் கேட்டா சின்ன வேலை மாதிரி தோணும். ஆனா கொலை கேஸா இருந்தாலும், எந்தப் பெரிய கேஸா இருந்தாலும், அரஸ்ட் பண்ணின ஆள 24 மணி நேரத்துக்குள்ள முதல்ல கொண்டு வந்து நிறுத்தறது பெரும்பாலும் இந்த மாஜிஸ்ட்ரேட் முன்னாடிதான். ராத்திரி ஆனா வீட்டுக்கே கூட்டிட்டு வருவாங்க. ஞாயித்துக்கிழமை, தீபாவளி, எதுவும் கணக்கில்ல. அந்த நேரத்துல போலீஸ் நீட்டற காகிதத்துல கையெழுத்து போடறதா, இல்ல அந்த ஆள கிட்டக் கூப்பிட்டு "அடிச்சாங்களா, காயம் இருக்கா, வீட்டுக்குத் தகவல் சொன்னாங்களா, வக்கீல் இருக்காரா"ன்னு கேக்கறதா, இதுலதான் ஒரு மனுஷனோட உயிர் இருக்கு. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல அப்பா பையன் ஜெயராஜும் பென்னிக்ஸும் செத்தாங்களே, அப்ப நாடு முழுக்க எழுந்த முதல் கேள்வி, ரிமாண்ட் பண்ணும்போது இவங்க நெலமைய சரியா பாத்தாங்களாங்கறதுதான். அதே விஷயத்துல அப்பறம் ஸ்டேஷனுக்கே நேர்ல போய், அங்க போலீஸ்காரங்க ஒத்துழைக்காம அவமரியாதையா நடந்துக்கிட்டதையும் தாங்கிக்கிட்டு, பெண் காவலர் ஒருத்தர் பயந்து நடுங்கிச் சொன்னத உக்காந்து எழுதி வாங்கினதும் இன்னொரு மாஜிஸ்ட்ரேட்தான், கோவில்பட்டி மாஜிஸ்ட்ரேட். அந்த ரிப்போர்ட்ட வச்சுத்தான் ஹைகோர்ட் மதுரை பெஞ்ச் கேஸையே திருப்புச்சு. ரெண்டுமே ஒரே கேடர், ஒரே சம்பளம்.

நான் வேலை பாத்த ஒரு ஊர்ல ஒரு அம்மா மாஜிஸ்ட்ரேட்டா வந்தாங்க, வயசு இருபத்தொம்பதோ முப்பதோ. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து தகவல், தீக்காயத்தோட ஒரு பொண்ணு, மரண வாக்குமூலம் வாங்கணும். போனாங்க. டாக்டர்கிட்ட நினைவோட இருக்கான்னு எழுதி வாங்கி, போலீஸ், சொந்தக்காரங்க எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, அந்தப் பொண்ணு வாய்கிட்ட காத வச்சுக் கேட்டு, அது சொன்ன வார்த்தைய அப்படியே, ஒரு சொல்லு மாத்தாம எழுதினாங்க. மறுநாள் காலைல பத்தரைக்கு வழக்கம்போல டயஸ்ல உக்காந்து கேஸ் கூப்பிட ஆரம்பிச்சாங்க. மதியம் லஞ்ச்ல சேம்பர்ல ஒரு கையெழுத்துக்குப் போனேன், டிஃபன் பாக்ஸ் தொறக்காமலே இருந்துச்சு. "ஐயா, அந்தப் பொண்ணு காலைல எறந்துடுச்சாம்"னு மட்டும் சொன்னாங்க. ஜட்ஜுங்கள நாங்க ஐயா, அம்மான்னு கூப்பிடுவோம், அந்தம்மா மட்டும் எங்களையும் ஐயான்னுதான் கூப்பிடுவாங்க. இந்த வேலைல இந்த மாதிரி ராத்திரி வரும், அதுக்கு உங்க பொண்ணு தயாரான்னு நீங்க அவகிட்ட உக்காந்து பேசணும்.

சிவில் பக்கம் வேற மாதிரி. பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, பாதை அடைச்சுட்டான், கிணத்துல பங்கு, கோயில் பூசை உரிமை, வாடகைக்காரன் காலி பண்ண மாட்டேங்கறான். ஓஎஸ் நம்பர், அதாவது சிவில் வழக்கு நம்பர் விழுந்து, சம்மன் அமீனா கைல போய், எதிராளி வராம எக்ஸ்பார்ட்டி ஆகி, அத செட்அசைட் பண்ணி (ரத்து பண்ணி), கோர்ட் அனுப்பற கமிஷனர் போய் எடம் அளந்து, குறுக்கு விசாரணை முடிஞ்சு, தீர்ப்பாகி, அப்பறம் ஈபி (தீர்ப்ப நிறைவேத்தச் சொல்ற மனு) போட்டு நெலத்த கைல வாங்கறதுக்குள்ள கேஸ் போட்டவரு போய்ச் சேந்து அவர் பையன் வாய்தாவுக்கு வந்துட்டிருப்பான். எல்லாத்துக்கும் ஜட்ஜ் காரணம் இல்ல, நாடு முழுக்க கீழ் கோர்ட்டுல நாலு கோடிக்கு மேல கேஸ் தேங்கிக் கெடக்கு, காலி இடமும் ஆயிரக்கணக்குல இருக்கு. ஆனா ஒரு நல்ல முன்சீப் வந்தா வித்தியாசம் தெரியும். காரணமில்லாத வாய்தாவ மறுப்பாங்க, ரெண்டு அண்ணன் தம்பிய சேம்பருக்குக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசியே ஒரு இருபது வருஷக் கேஸ முடிச்சு வைப்பாங்க.

இதுல பல பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்றேன். ஒரு சொத்து கேஸ்ல எது நெசம் எது பொய்ங்கறத முடிவு பண்றது முதல் ரெண்டு கோர்ட்தான், முன்சீப் கோர்ட்டும் அப்பீல் கேக்கற சப் கோர்ட்டும். ஹைகோர்ட்டுக்கு செகண்ட் அப்பீல் போனா, சிவில் நடைமுறைச் சட்டம் 100வது பிரிவுப்படி, முக்கியமான சட்டக் கேள்வி இருந்தாத்தான் எடுப்பாங்க, சாட்சி சொன்னது நம்பறமாதிரி இருக்கா இல்லையாங்கறத அங்க திரும்பக் கிண்டமாட்டாங்க. சாட்சிக் கூண்டுல நிக்கற ஆளோட மூஞ்சிய, அவன் எச்சில் முழுங்கறத, எந்தக் கேள்விக்குத் தன் வக்கீலத் திரும்பிப் பாக்கறான்ங்கறத பாக்கற ஜட்ஜ் கீழ் கோர்ட்டு ஜட்ஜ் மட்டும்தான். மேல போகப் போக எல்லாருக்கும் டைப் அடிச்ச பேப்பர்தான் வரும். அதுலயும் அந்த சாட்சியம் எப்படிப் பதிவாச்சோ அப்படித்தான் இருக்கும். அதான் நான் இந்த நாற்காலிய படிக்கட்டுன்னு சொல்லவே மாட்டேன்.

சரி, நீங்க கேட்ட மேல போற கணக்குக்கு வர்றேன்.

அடுத்தது சிவில் ஜட்ஜ் சீனியர் டிவிஷன், அதாவது சப் ஜட்ஜ், இல்லன்னா சிஜேஎம்னு சொல்ற தலைமை நீதித்துறை நடுவர், அவர் ஏழு வருஷம் வரை தண்டனை குடுக்கலாம். இந்தக் கேடர்லதான் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு செயலாளர் போஸ்ட்டும் வரும், லோக் அதாலத் நடத்தறது, ஜெயில்ல இருக்கற ஏழைங்களுக்கு வக்கீல் ஏற்பாடு பண்றது எல்லாம் அவங்கதான். ஆக்சிடென்ட் நஷ்டஈடு கேஸ், விவாகரத்து, நெல எடுப்பு நஷ்டஈடு, கீழ் கோர்ட் அப்பீல், இதான் தினசரி வேலை. அடிப்படைச் சம்பளம் 1,11,000லேர்ந்து ஆரம்பிக்கும். நான் பாத்த வரைக்கும் முன்சீப்பா வந்தவங்க சப் ஜட்ஜ் ஆக எட்டு பத்து வருஷம் ஆச்சு. இப்ப அந்த 2025 தீர்ப்புல இந்தப் படிக்கும் ஒரு பங்கு, நூத்துக்குப் பத்து, டிபார்ட்மென்ட் பரீட்சை வழியா குடுக்கணும்னு சொல்லியிருக்காங்க, மூணு வருஷம் சர்வீஸ் இருந்தாப் போதும், அதனால கெட்டிக்காரங்களுக்கு வேகம் கூடும்.

அதுக்கு மேல மாவட்ட நீதிபதி. இங்கதான் வழி மூணா பிரியுது. பாதி இடம் சப் ஜட்ஜுங்க சீனியாரிட்டியும் தகுதியும் பாத்து ப்ரமோஷன்ல வர்றது. கால் பங்கு சப் ஜட்ஜுங்களுக்குள்ள போட்டிப் பரீட்சை, இது நடுவுல 2010ல பத்து சதவீதமா குறைச்சாங்க, 2025ல திரும்ப 25 ஆக்கிட்டாங்க, சீனியர் டிவிஷன்ல மூணு வருஷம், மொத்தம் ஏழு வருஷ சர்வீஸ் இருந்தா எழுதலாம். மிச்ச கால் பங்கு நேரடி நியமனம், ஏழு வருஷ வக்கீல் அனுபவம் இருக்கறவங்களுக்கு, ஹைகோர்ட்டே பரீட்சை வைக்கும். இந்த நேரடி வழில ரொம்ப நாளா, ஏற்கனவே ஜட்ஜா இருக்கறவங்க போட்டி போட முடியாதுன்னு இருந்துச்சு, 2025 அக்டோபர்ல அஞ்சு ஜட்ஜ் அரசியல் சாசன பெஞ்ச் அத மாத்திடுச்சு, வக்கீலா இருந்த வருஷமும் ஜட்ஜா இருந்த வருஷமும் சேத்து ஏழு வந்தாப் போதும், குறைஞ்சபட்ச வயசு 35ன்னு.

இப்ப உங்க பொண்ணு கணக்கப் போடுங்க. 23ல என்ரோல்மென்ட், 26ல மூணு வருஷம் முடியுது, தேர்வு வந்து ரிசல்ட் வந்து ட்ரெயினிங் முடிஞ்சு டயஸ்ல உக்காரும்போது 28ன்னு வச்சுக்கங்க. 35 ஆகும்போது நேரடி மாவட்ட நீதிபதி பரீட்சை எழுதற தகுதி அவ கைல இருக்கும். அது கெடைக்கலன்னா போட்டிப் பரீட்சை. அதுவும் இல்லாம சாதாரண ப்ரமோஷன்ல வந்தா நாப்பத்தஞ்சு ஒட்டி மாவட்ட நீதிபதி. ஆக 35க்கும் 45க்கும் நடுவுல அந்தப் பத்து வருஷம்தான் ஹைகோர்ட் போவாளா மாட்டாளான்னு தீர்மானிக்கும்.

எப்படின்னா, ஹைகோர்ட் ஜட்ஜ் ஆகறதுக்கு எந்தப் பரீட்சையும் கிடையாது. பத்து வருஷம் நீதித்துறைப் பதவில இருந்திருக்கணும்னு 217வது பிரிவு சொல்லுது, அதுக்கப்பறம் கொலீஜியம், அதாவது மூத்த ஜட்ஜுங்க குழு பாத்து சிபாரிசு பண்ணணும். வழக்கத்துல மூணுல ரெண்டு பங்கு வக்கீலுங்களுக்கும் ஒரு பங்கு மாவட்ட நீதிபதிங்களுக்கும்னு வச்சிருக்காங்க. மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு மொத்தம் 75 இடம். சர்வீஸ்லேர்ந்து போறவங்களுக்கு ஐம்பத்தெட்டரை வயசுக்குள்ள இருக்கணும்னு ஒரு அளவும் உண்டு. மாவட்ட நீதிபதிங்க சீனியாரிட்டி லிஸ்ட்ல மேல இருக்கறவங்களத்தான் பாப்பாங்க, லேட்டா மாவட்ட நீதிபதி ஆனவங்க அந்த லிஸ்ட்ல மேல ஏறி வர்றதுக்குள்ள வயசு தாண்டிடும். எவ்வளவோ நல்ல ஜட்ஜுங்க இப்படித்தான் 60ல மாவட்ட நீதிபதியாவே மால போட்டுக்கிட்டுப் போனாங்க. அத தோல்வின்னு நெனைக்காதீங்க. கொலை கேஸ்ல ஆயுள் தண்டனையும் தூக்கும் (ஹைகோர்ட் உறுதி பண்ணணும்) விதிக்கற நாற்காலி அது, போக்சோ கோர்ட், மகளிர் கோர்ட், எஸ்சி எஸ்டி சிறப்பு கோர்ட், குடும்ப நல கோர்ட் எல்லாம் அங்கதான்.

ரெண்டு பேரோட பாதைய சொல்றேன், பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒருத்தர் பாத்திமா பீவி, பத்தனம்திட்டா பொண்ணு, 1927ல பொறந்தவங்க. 1958ல கேரளாவுல முன்சீப்பா சேந்தாங்க, 1968ல சப் ஜட்ஜ், 1972ல சிஜேஎம், 1974ல மாவட்ட நீதிபதி, 1983ல ஹைகோர்ட், அங்க ரிட்டையர் ஆகி சில மாசம் கழிச்சு 1989 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட், அந்தக் கோர்ட்டோட முதல் பெண் நீதிபதி. பின்னாடி நம்ம தமிழ்நாட்டு கவர்னரா 1997லேர்ந்து 2001 வரை இருந்தாங்க. முன்சீப்லேர்ந்து சப் ஜட்ஜுக்கு முழுசா பத்து வருஷம் பாருங்க! இன்னொருத்தர் நம்ம பானுமதி அம்மா, 1955ல பொறந்தவங்க, 1981ல வக்கீலாகி திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர்னு மொபசல், அதாவது சின்ன ஊர்க் கோர்ட்லயே ப்ராக்டீஸ் பண்ணினவங்க, 1988ல நேரடியா மாவட்ட நீதிபதி, 2003ல மெட்ராஸ் ஹைகோர்ட், 2013ல ஜார்கண்ட் தலைமை நீதிபதி, 2014ல சுப்ரீம் கோர்ட். ஹைகோர்ட்டுக்குப் போகும்போது ஒருத்தருக்கு 56, இன்னொருத்தருக்கு 47. மாவட்ட நீதிபதி ஆன வயசு ஒருத்தருக்கு 47ஐ ஒட்டி, இன்னொருத்தருக்கு 33ஐ ஒட்டி. நான் மேல சொன்ன வயசுக் கணக்கு அப்படியே இதுல இருக்கு. ரெண்டு பேருமே பெரிய சிட்டில பெரிய ஆபீஸ்ல ஆரம்பிக்கல, அதையும் கவனிங்க.

இன்னும் சில விஷயம், யாரும் முன்னாடியே சொல்லமாட்டாங்க. ட்ரான்ஸ்ஃபர் மூணு வருஷத்துக்கு ஒருக்கா வரும், சொந்த ஊர்ப் பக்கம் போடமாட்டாங்க. புருஷன் ஒரு ஊர், குழந்தைங்க ஸ்கூல் ஒரு ஊர், ஜட்ஜ் ஒரு ஊர்னு இருக்கற குடும்பம் நெறைய. ஒவ்வொரு மாசமும் இத்தன கேஸ் முடிச்சோம்னு யூனிட் கணக்கு போகணும், வருஷா வருஷம் ரகசிய அறிக்கை எழுதுவாங்க, மாவட்டத்துக்குன்னு ஒரு ஹைகோர்ட் ஜட்ஜ் மேற்பார்வைக்கு இருப்பாரு. கீழ் கோர்ட் முழுசும் ஹைகோர்ட் கண்ட்ரோல்ல இருக்கணும்னு 235வது பிரிவு வச்சிருக்கறதே கலெக்டரோ மந்திரியோ ட்ரான்ஸ்ஃபர் காட்டி மிரட்ட முடியாம இருக்கத்தான், அது பெரிய பாதுகாப்பு. ஆனா ஒரு மொட்டைக் கடுதாசி போனாலும் விஜிலன்ஸ் விசாரணைன்னு மாசக்கணக்குல தூக்கம் போகும். ஒரு ஜாமீன் தைரியமா குடுத்ததுக்கு புகார் வந்து, அது பொய்னு ஆகறதுக்குள்ள இளைச்சுப் போன ஒரு ஜட்ஜ எனக்குத் தெரியும். அப்பறமும் அவர் ஜாமீன் குடுக்க வேண்டிய கேஸ்ல குடுத்துக்கிட்டுத்தான் இருந்தாரு, அவர் மேல எனக்கு இருக்கற மரியாதைக்கு அளவே கிடையாது.

தனிமையும் உண்டு. வக்கீலுங்களோட கல்யாணத்துக்குப் போக யோசிக்கணும், ஊர்ல கடைத்தெருவுல நின்னு பேச யோசிக்கணும். நேத்து வரைக்கும் கூட டீ குடிச்ச ஜூனியர் ஃபிரண்டு இன்னைக்கு எதுக்க நின்னு வாதம் பண்ணுவா. உங்களுக்கும் சேத்துத்தான் தம்பி, நீங்க ஜட்ஜோட அப்பான்னு தெரிஞ்சா கேஸ் கட்ட தூக்கிட்டு வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க, பழகினவங்களா இருப்பாங்க, முகத்தாட்சணை பாக்காம அனுப்பிடணும்.

இப்ப செய்ய வேண்டியது. பாப்பாவ உங்க ஊர் பக்கத்துல இருக்கற முன்சீப் கோர்ட்லயே, விசாரணை நெறைய நடத்தற ஒரு சீனியர்கிட்ட சேத்து விடுங்க. ஹைகோர்ட்ல ரிட் மட்டும் பண்ற ஆபீஸுக்கு அனுப்பினா பேரு பெருசா இருக்கும், ஆனா குறுக்கு விசாரணைய பாக்கவே வாய்ப்பு வராது. தன் சீனியர் கேஸ் இல்லாத நாளும் கோர்ட் ஹால்ல உக்காரணும், சாட்சி சொல்றத ஒரு நோட்டுல தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதிப் பாக்கணும், இந்த சாட்சிய நம்பலாமா வேண்டாமா, நம்மளா இருந்தா என்ன தீர்ப்பு குடுப்போம்னு தனியா ரெண்டு பக்கம் எழுதி வச்சுட்டு, நெசத் தீர்ப்பு வந்ததும் காப்பி அப்ளிகேஷன் போட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாக்கணும். காப்பி செக்ஷன்ல இருக்கறவங்ககிட்ட மரியாதையா பேசினா போதும், எந்தக் கட்டு எங்க இருக்குன்னு அவங்களே சொல்லிக் குடுப்பாங்க, நானும் அங்கேர்ந்து வந்தவன்தான். மூணு வருஷத்துல இப்படி ஒரு அம்பது தீர்ப்பு எழுதிட்டான்னா மெயின் பேப்பர் அவளுக்குப் புதுசா இருக்காது. காலைல பத்தரைக்கு டவாலி பேர் கூப்பிடறதுக்கு முன்னாடி, பத்து மணிக்கே ஹால்ல போய் உக்காரச் சொல்லுங்க, அந்த நேரத்துல கட்சிக்காரங்க என்ன மூஞ்சியோட வந்து பெஞ்சுல காத்துக்கிட்டிருக்காங்கன்னு பாக்கலாம்.